வெள்ளோடா, நஞ்சராயன் குளமா? மகளையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போக யோசனை சொல்லுங்கள்

குன்னத்தூரான்:

வணக்கம்ங்க. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் கையில் கிடைக்கும். மகள் ஆறாவது படிக்கிறாள். டிவியில் பிரேசில் பக்கத்து பாண்டனால் சதுப்பு நிலத்தைக் காட்டினார்கள். அன்றிலிருந்து "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணும் இல்லையாப்பா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தோட்டத்திலிருந்து என் அப்பாவும் வந்திருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது. ஆனால் பேத்தி போகிற இடத்துக்கு அப்பாரும் வந்தே தீருவார்.

மார்கழி விடுமுறையில் ஒரு நாள் காலை பறவை பார்க்கப் போகலாம் என்று இருக்கிறேன். ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயமா, நஞ்சராயன் குளமா? முடிந்தால் அதே நாளில் கோவைப் பக்கத்துக் குளங்கள் சூலூர், சிங்காநல்லூர், உக்கடம் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாமா? பைனாகுலர் வாங்கவேண்டுமா? படகு உண்டா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நொய்யல்கரை:

திருப்பூரிலேயே இருந்துகொண்டு எதற்கு அவ்வளவு தூரம் அண்ணா? நஞ்சராயன் குளம் ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம், சர்க்கார் பெரியபாளையத்தில். விடிவதற்குள் போய்விடலாம். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பட்டியலில் சேர்ந்தபோது சொன்ன கணக்குப்படி 191 வகைப் பறவைகள். குளிர்காலத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் பட்டைத்தலை வாத்தும் வரும். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற பறவை அது. 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததைக் கருவி கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். அது வந்து இறங்குவது இந்தக் குளத்துக்கு வருகிற நம் நல்லாற்றுத் தண்ணீரில்! பாப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஊருக்குள்ளிருந்து வருகிற தண்ணீரும் சேர்வதால் சில நாள் வாடை அடிக்கும். அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

சென்னிமலைத் தறி:

தம்பி, வணக்கம். எங்களுக்குச் சென்னிமலையில் போர்வைத் தறி. வெள்ளோடு பக்கம் நாத்தனார் வீடு இருப்பதால் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்தே அந்தக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எந்தக் குளம் என்று கேட்கிறீர்கள். அந்தக் குளத்தில் இப்போது தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பறவை எது வரும், எது வராது என்பதைக் காலண்டரை விட இதுதான் தீர்மானிக்கிறது. குளம் தளும்பி நிற்கும்போது கூழைக்கடா, நீர்க்காகம், வாத்து, நாமக்கோழி இதெல்லாம் நிறைய இருக்கும். ஆனால் உள்ளான், உப்புக்கொத்தி மாதிரி சேற்றில் இரை தேடுகிற பறவைகளுக்கு அங்கே கால் ஊன்றக்கூட இடம் இருக்காது. அவற்றுக்கு வேண்டியது விரல் ஆழத் தண்ணீரும் இளகிய சேறும். தண்ணீர் உள்வாங்கி ஓரத்தில் சேறு தெரிய ஆரம்பித்த பிறகு அதே குளத்துக்குப் போனால் வேறு ஊருக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும். குட்டைகள் சுருங்கச் சுருங்க மீனெல்லாம் ஒரே இடத்தில் ஒடுங்கும். அப்போதுதான் நாரைகள் கூட்டமாக வந்து இறங்கும்.

உங்கள் பெண் டிவியில் பார்த்த பாண்டனாலிலும் இதே கதைதான். பராகுவே ஆறு மழைக்காலத்தில் கரை மீறிப் பரவி அந்தச் சமவெளியை மூழ்கடிக்கிறது, அப்புறம் மாதக்கணக்கில் மெல்ல வடிகிறது. உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் அங்கே போவது பெரும்பாலும் தண்ணீர் வடிந்த ஜூலை முதல் அக்டோபர் வரையான மாதங்களில்தான். மிச்சமிருக்கிற தண்ணீரைச் சுற்றித்தான் அப்போது எல்லா உயிரும் கூடும். அங்கே ஆறு செய்கிற வேலையை நம் ஊரில் மழையும் வாய்க்காலும் செய்கின்றன. பாப்பாவிடம், இங்கேயும் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

வெள்ளோட்டுக் குளத்துக்கு மழைத் தண்ணீரோடு கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரும் சேர்கிறது. பவானிசாகர் அணையில் நிறையத் தண்ணீர் இருக்கிற வருடங்களில் ஆகஸ்ட் 15 வாக்கில் நஞ்சைக்கு வாய்க்கால் திறப்பார்கள். 120 நாள் கணக்கு. நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழையும் வந்துவிடும். ஆகவே மார்கழியில் குளம் பெரும்பாலும் நிறைந்தே இருக்கும். நீங்கள் போகிற சமயத்தில் வாத்துகளையும் கூழைக்கடாவையும் நம்பிப் போகலாம். மாசியில், வலசை வந்த வாத்துகள் கிளம்புவதற்கு முன்னால், இன்னொரு ஞாயிறு அதே குளத்துக்குப் போங்கள். அப்போது ஓரத்தில் பவளக்கால் உள்ளான், பொரி உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி எல்லாம் நடமாடும். ஒரே நாளில் ஐந்து குளம் சுற்றுவதற்குப் பதில் ஒரே குளத்தை இரண்டு மாதங்களில் பாருங்கள் என்பேன். சுற்றினால் பாதி நேரம் பைபாஸ் ரோட்டில் போய்விடும், ஒன்பது மணி வெயிலுக்கு மேல் போகிற குளத்தில் பறவைகள் மரத்தடியில் ஒண்டிவிடும்.

(வாய்க்காலில் கான்கிரீட் போடுகிற பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் பக்கம் கிணற்றுக்காரர்கள், வாய்க்காலிலிருந்து கசிந்து கிணற்றுக்கு வருகிற நீர் நின்றுவிடுமே என்றுதான் முதலில் பேசுவார்கள். கடைமடைக்காரர்கள் தங்களுக்குத் தண்ணீர் வந்து சேரவேண்டும் என்பார்கள். இரண்டு பக்கமும் ஞாயம் உண்டு. கசிவை நம்பியிருக்கிற குளங்களுக்குப் பேச வாய் கிடையாதே என்பதுதான் என் மனத்தாங்கல்.)

நஞ்சராயன் குளமும் அருமையான இடம், நொய்யல்கரை சொன்னதை நான் மறுக்கவில்லை. பக்கத்திலேயே இருப்பதால் அடிக்கடி போய்வர அதுதான் உங்களுக்கு வசதி. ஆனாலும் முழங்கால் வலிக்காரரோடு முதல் தடவை போவதற்கு நான் வெள்ளோட்டைத்தான் சொல்வேன். ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகிற சாலையில் 15 கிலோமீட்டர். சுமார் 77 ஹெக்டேர் குளம், 2022இல் ராம்சார் பட்டியலுக்கு வந்தது. கரை மேலேயே பாதை, மேலே ஏற முடிந்தவர்களுக்குப் பார்வைக் கோபுரமும் உண்டு. அப்பா ஏறவேண்டாம், கரையிலிருந்தே எல்லாம் தெரியும். மடக்கு நாற்காலி ஒன்றை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். திறக்கும் நேரத்தைக் கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது. படகை எதிர்பார்க்காதீர்கள். படகு போகிற குளத்தில் வாத்து நிம்மதியாக உட்காராது.

எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி இடம் பிடியுங்கள். சூரியனைப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கருப்பாகத்தான் தெரியும். அப்புறம் பெரிய பறவையைத் தேடாதீர்கள். முதலில் நாமக்கோழியைக் காட்டுங்கள். கருப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம், பார்த்ததும் குழந்தைக்குப் பிடிபட்டுவிடும். அது தண்ணீர் மேல் தடதடவென்று ஓடித்தான் மேலெழும், நின்ற இடத்திலிருந்து எழும்பாது. அடுத்து முக்குளிப்பான். உருண்டையாக இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே முங்கிவிடும். எங்கே எழும்பும் என்று பாப்பாவும் அப்பாரும் ஆளுக்கு ஓர் இடத்தைச் சொல்லிப் பந்தயம் கட்டட்டும். இந்த இரண்டும் பழகிவிட்டால் அவற்றின் அளவை வைத்து மற்றதெல்லாம் பிடிபடும்.

வாத்துக் கூட்டத்தில் அலகை மட்டும் பாருங்கள். கருப்பு அலகின் நுனி மஞ்சளாக இருந்தால் புள்ளிமூக்கு வாத்து, இங்கேயே வாழ்கிறது. அகப்பை மாதிரி நுனி அகன்றிருந்தால் தட்டைவாயன், வடக்கே வெகுதூரத்திலிருந்து வருவது. அலகு ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி இருக்கும், தண்ணீரை அதன் வழியாக வடித்துச் சின்னச் சின்ன உயிர்களைத் தின்னும். பின்னால் ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் ஊசிவால் வாத்து ஆண்.

கூட்டம் முழுதும் திடீரென்று குப்பென்று கிளம்பினால் பயப்படாமல் வானத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேலே தாழ்வாக வந்துகொண்டிருக்கும். வேடிக்கை பார்க்க வந்தவர் யாராவது கல்லெறிந்தாலும் இதே மாதிரிதான் கிளம்பும். அந்த மாதிரி ஆட்களைக் கண்டால் நீங்களே சொல்லுங்கள், வாட்சர் வரட்டும் என்று இருக்காதீர்கள். சைபீரியாவிலிருந்து வந்த வாத்து உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புத்தான் அது திரும்பிப் போவதற்கான வழிச்செலவு. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அதிலிருந்துதான் செலவாகிறது.

மரங்களைக் கடைசியில் பாருங்கள். தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, பாம்புத்தாரா எல்லாம் இருக்கும். பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும். அதன் இறகில் தண்ணீர் ஒட்டும், அதனால்தான் அவ்வளவு சுலபமாக ஆழத்துக்குப் போகிறது. நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே தெரியும், பாப்பா நிச்சயம் பாம்பு என்பாள். மஞ்சள்மூக்கு நாரை அலகை லேசாகத் திறந்து தண்ணீரில் வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, அலகில் மீன் பட்டதும் டப்பென்று மூடும். கலங்கல் தண்ணீரிலும் அதற்கு வேலை நடப்பது அதனால்தான்.

பைனாகுலர் இரவல் கிடைத்தால் போதும். வாங்குவதென்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவதாக, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் உள்ளதாகப் பாருங்கள். பன்னிரண்டு, இருபது மடங்கு என்று கடைக்காரர் எடுத்துக் காட்டுவார். கை ஆடும், குழந்தைக்குப் பறவை சிக்கவே சிக்காது.

இன்னொன்று. வெள்ளோட்டைச் சுற்றியிருக்கிற ஊர்களில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இருபது வருடத்துக்கு மேலாக இது நடக்கிறது, பேப்பரில் படித்திருப்பீர்கள். கூடு கட்டுகிற பறவை சத்தத்துக்குக் கூட்டை விட்டுப் போய்விடும் என்று ஊரே சேர்ந்து எடுத்த முடிவு. நாத்தனார் வீட்டுப் பிள்ளைகள் மத்தாப்பும் புஸ்வாணமும் மட்டும் கொளுத்தி வளர்ந்தவர்கள், இப்போது அவர்களின் பிள்ளைகளும் அப்படித்தான். உங்கள் மகளுக்கு அந்த ஊர்க் குழந்தை யாராவது பேசக் கிடைத்தால் பேசவிடுங்கள். பள்ளியில் போய்ச் சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

குன்னத்தூரான்:

அக்கா, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. ரொம்ப நன்றி. வெள்ளோடு என்று முடிவாகிவிட்டது. இரண்டு சந்தேகம். என் மச்சினனிடம் பெரிய லென்ஸ் கேமரா இருக்கிறது, அவனும் வருகிறேன் என்கிறான். கூட்டை எடுக்கவேண்டுமாம். அப்புறம், பாப்பாவுக்கு முதலையும் பார்க்கவேண்டுமாம், பாண்டனாலில் கரையெல்லாம் முதலை படுத்திருந்ததாம்!

நொய்யல்கரை:

முதலைக்கு உடுமலைப் பக்கம் அமராவதி அணைக்குப் போங்கள் அண்ணா. வனத்துறையின் முதலைப் பண்ணை இருக்கிறது. சதுப்பு முதலை. பாண்டனாலில் இருப்பது கெய்மன் என்கிற வேறு வகை, ஆனால் பாப்பாவுக்கு இது போதும். பவானிசாகர் நீர்த்தேக்கத்திலும் முதலை உண்டு, நீர்நாய் உண்டு, யானை தண்ணீர் குடிக்க வரும், வெளிமான்கூட உண்டு. ஆனால் அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டியது. அனுமதி இல்லாமல் தண்ணீர் ஓரம் இறங்கிவிடாதீர்கள்.

சென்னிமலைத் தறி:

மச்சினன் தாராளமாக வரட்டும். கரைப் பாதையை விட்டு இறங்கக்கூடாது என்று மட்டும் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். கூட்டுப் பக்கம் ஆள் போனால் தாய்ப் பறவை எழுந்துவிடும். காக்காய் பக்கத்துக் கிளையிலேயே காத்திருக்கும், முட்டையைத் தூக்க அதற்கு ஒரு நிமிடம் போதும். முட்டை தப்பினாலும் குஞ்சு தப்பாது. மஞ்சள்மூக்கு நாரையின் குஞ்சுக்கு வெயில் ஆகாது. தாயும் தகப்பனும் மாறி மாறிச் சிறகை விரித்து நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும். நான் மத்தியானத்தில் கரையிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன், வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. அந்த நிழலை ஒரு படத்துக்காக எடுத்துவிடலாமா? போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுகிற பழக்கமும் வேண்டாம்.

அவர் லென்ஸ் பெரியது என்றால் கரையிலிருந்தே கூழைக்கடா இறங்குவதை எடுக்கலாம். இறகு விரிந்தால் எட்டடிக்குக் கிட்ட வரும், காலை நீட்டித் தண்ணீரில் சறுக்கிக்கொண்டு நிற்கும். அதை விட நல்ல படம் கூட்டில் கிடைக்காது.

அப்பாவிடம் பறவைப் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் பாப்பாவை. தோட்டத்தில் ஏர் ஓட்டியவருக்கு மடையான், கொக்கு, நாரை எல்லாம் எந்த மாதம் எந்த வயலில் இறங்கும் என்பது தெரியும்.

குன்னத்தூரான்:

போய் வந்துவிட்டோம் அக்கா! குளம் நிறையத் தண்ணீர். நீங்கள் சொன்ன மாதிரியே வாத்தும் கூழைக்கடாவும்தான் அதிகம். பருந்து வந்து கூட்டத்தைக் கிளப்பியதையும் பார்த்தோம். முக்குளிப்பான் பந்தயத்தில் அப்பாதான் ஜெயித்தார், வெயில் ஏறியும் வீட்டுக்குக் கிளம்ப மனசே இல்லை அவருக்கு.

ஒரு பறவையில் மட்டும் தாத்தாவுக்கும் பேத்திக்கும் சண்டை. மண் நிறம், இலை படர்ந்த இடத்தில் இருந்தது. பறந்தபோது சிறகு பளிச்சென்று வெள்ளை. அப்பா உடனே மடையான் என்றார். பாப்பா இல்லவே இல்லை, அது இலை மேல நடந்துச்சு என்கிறாள். மச்சினன் எடுத்த படம் மங்கல். யார் சொல்வது சரி?

சென்னிமலைத் தறி:

இரண்டு பேருமே நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் மண் நிறம், பறந்தால் வெள்ளை என்பது மடையானுக்கு அப்படியே பொருந்தும். அப்பா சொன்னதில் தவறே இல்லை. ஆனால் மடையான் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். ஈட்டி மாதிரி நீண்ட அலகு. இலை மேல் நடந்துகொண்டே இருந்தது, அலகு சின்னது என்றால் பாப்பா பார்த்தது நீளவால் இலைக்கோழி. குளிர்காலத்தில் அதற்கு அந்த நீண்ட வால் இருக்காது, அதனால்தான் புத்தகப் படத்தோடு ஒப்பிட்டால் குழப்பம் வரும். படத்தைப் பெரிதாக்கிக் கழுத்தோரம் பாருங்கள். கண்ணிலிருந்து ஒரு கருங்கோடு இறங்கி நெஞ்சில் மாலை மாதிரி வளைந்திருந்தால் சந்தேகமே இல்லை. கால் விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் இருக்கும். பாரத்தை அந்த விரல்கள்தான் இலை மேல் பரப்பிவிடுகின்றன.

மழைக்காலத்தில் வாலும் பொன்னிறப் பிடரியும் வந்த பிறகு இதைப் பார்க்கவேண்டும். பெண் நான்கு முட்டை இட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சை வளர்ப்பது எல்லாம் ஆண்தான். இதை அப்பாவிடம் சொல்லிவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போவீர்கள் அல்லவா? 2015லிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் ஈ-பேர்ட் (eBird) என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் பதியவேண்டும், அவ்வளவுதான். பாப்பா எண்ணட்டும், அப்பா பெயர் சொல்லட்டும், நீங்கள் போனில் ஏற்றுங்கள். தோட்டத்துக் கிணற்றடியில் மைனா மட்டும் இருந்தாலும் விடாமல் பதியுங்கள்.